கறிமீன் வீட்டுக்கு வந்ததா?

எண்ணூர்ப் பக்கம் படகு கரை ஏறியதும், ஏலம் விடுபவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கறிமீனைப் பிரித்துவிடுவார்கள். படகில் போன ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுக் குழம்புக்கென்று ஒரு பங்கு. வலையில் எவ்வளவு குறைவாக விழுந்தாலும் அந்தப் பங்கில் யாரும் கை வைப்பதில்லை. அது வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் போகும். ஒருத்தன் குடிக்க ஆரம்பித்துவிட்டால் மட்டும் முதலில் வழி மாறுவது அந்த மீன்தான். வேலை போவதற்கும், பெண்டாட்டி கழுத்தில் இருப்பது போவதற்கும் முன்னால் மீன் போய்விடும்.

யசோதராவுக்கு இது புரிய மூன்று வருடம் பிடித்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். கடலை அவள் பொங்கல் விடுமுறைக்குத்தான் பார்த்திருக்கிறாள். தபாலில் சமூகப்பணி படித்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த குடிநோய் மீட்பு மையத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. இப்போது நாற்பத்து மூன்று. கீழே இரும்பு கடையும் சத்தத்தில் மேலே மனிதர்களின் மனசைத் திறந்து பேச வைக்க வேண்டும் என்பதுதான் அவள் வேலை. இப்படி ஓர் இடத்தைப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தவரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்கலாம்.

ஆரம்பத்தில் அவள் வீடு வீடாகப் போய், "உங்க வூட்டுக்காரர் மறுபடியும் குடிக்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? "இல்லக்கா, சாமி சத்தியமா இல்ல" என்பார்கள். மறுவாரம் ஆள் சாக்கடையில் கிடப்பான். அப்புறம்தான் கேள்வியை மாற்றினாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் குப்பத்துக்குப் போய், வாசலில் நின்றபடியே, "இன்னாக்கா, கறிமீனு வூட்டுக்கு வந்துச்சா?" என்பாள். புருஷனைப் பற்றிப் பொய் சொல்லத் தெரிந்த பெண்களுக்கு மீனைப் பற்றிப் பொய் சொல்ல வரவில்லை. வந்திருந்தால் என்ன மீன், எத்தனை, குழம்பா வறுவலா என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். வரவில்லை என்றால் ஒரு நொடி தயங்குவார்கள். யசோதராவுக்கு அந்த ஒரு நொடி போதும். அன்று சாயங்காலமே ஆளைப் பிடித்து ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்துவிடுவாள்.

இப்படி அவள் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் ரவிக்குமாரும் ஒருவன். ஃபைபர் படகுக்காரன், அவளைவிட ஒரு வயது இளையவன். குடிக்கிற காலத்தில் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஒரு கட்டிங் வேண்டும் அவனுக்கு, இல்லாவிட்டால் கை நடுங்கி வலையே பிடிக்க முடியாது. அவன் மனைவி அங்கம்மா மீன் விற்பவள். பதினோரு மாதங்களுக்கு முன்னால் அவனைப் பத்து நாள் வார்டில் வைத்துத் தெளியவைத்து வீட்டுக்கு அனுப்பியபோது, அங்கம்மா யசோதராவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அந்த வீட்டிலிருந்து தயக்கமில்லாமல் பதில் வந்தது. "சங்கரா மீனுக்கா. ஆறு. நீயும் ரெண்டு வாய் துன்னுட்டுப் போ."

யசோதராவுக்கு அவன்மேல் தனிப் பாசம் விழுந்துவிட்டது. பதினேழு வருடத்தில் எத்தனையோ பேர் திரும்பவும் விழுந்திருக்கிறார்கள், சிலர் செத்தும் போயிருக்கிறார்கள். நாம் செய்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது தோன்றும். அப்போதெல்லாம் ரவிக்குமாரை நினைத்துக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் படிவம் வந்தது.

மையத்துக்குப் பண உதவி செய்கிற நிறுவனம் ஊழியர்களுக்கெல்லாம் இரண்டு நாள் பயிற்சி வைத்தது. பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை ஒரே படிவத்தை நிரப்ப வேண்டும். 'எனது தொழில்சார் திறன்கள் மீதான எனது நம்பிக்கை' என்று மேலே போட்டிருந்தது. முப்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். கட்டத்துக்குள் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண் எழுத வேண்டும். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதையே சாப்பிடுகிறவன்தான் சொல்ல முடியும். இவர்களானால் சமைத்தவளையே கூப்பிட்டுப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை. மறுநாள் பயிற்சி. பன்னிரண்டு மணிக்குள் படிவம் வேண்டும் என்று திட்ட ஒருங்கிணைப்பாளர் சங்கரநாராயணன் மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். யசோதரா பதினான்காவது வாக்கியத்தில் நின்றாள். 'குணமடைந்தவர் மீண்டும் குடிக்கத் தொடங்குவதன் அறிகுறிகளை என்னால் முன்கூட்டியே கண்டறிய முடியும்.'

ஏழு போடலாம் என்று நினைத்தாள். உண்மையில் ஏழு என்பதே கொஞ்சம் அதிகம்தான்.

அப்போது வாசலில் ரவிக்குமார் வந்து நின்றான். கையில் ஒரு கேரி பேக். தலையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கடலிலிருந்து நேராக வந்திருக்கிறான்.

"வாப்பா, இன்னா இந்தப் பக்கம்?"

"ஒண்ணும் இல்லக்கா. சங்கரா நல்லா வந்துச்சு. உனுக்குக் குடுக்கலாம்னு."

பையைப் பிரித்துப் பார்த்தாள். ஆறு மீன், செவுள் இன்னும் சிவப்பாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட ஆள், எப்படி மாறி வந்து நிற்கிறான்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த, புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர் பெனிஷாவிடம், "பாத்தியாடி, இதான் நம்ம சம்பளம்" என்றாள். பெனிஷா சிரித்தாள். ரவிக்குமாரும் சிரித்தான். வாயில் ஏதோ மிட்டாயை அதக்கிக்கொண்டிருந்தான். பெப்பர்மின்ட் வாசனை மேசைவரை வந்தது. பீடியையும் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று அதற்கும் மகிழ்ந்துகொண்டாள்.

அவன் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏதானா சொல்லணுமா?"

உள்ளேயிருந்து சங்கரநாராயணன், "யசோதரா, முடிஞ்சுதாம்மா?" என்றார்.

"அஞ்சு நிமிஷம் சார்" என்று அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு இவன் பக்கம் திரும்பினாள்.

"நீ வேலயப் பாருக்கா. நாளைக்கு வருவ இல்ல?"

"நாளைக்கு டிரெய்னிங்குப்பா. அடுத்த செவ்வா வந்துடறேன்."

"சரிக்கா" என்று படி இறங்கிப் போனான். யசோதரா மேசையில் இருந்த மீனை ஒரு தடவை பார்த்தாள். பதினான்காவது கட்டத்தில் ஒன்பது என்று எழுதினாள். மீதிக் கட்டங்களும் மளமளவென்று நிரம்பின. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே படிவம் சங்கரநாராயணன் கைக்குப் போய்விட்டது.

அன்று ராத்திரி மீனைக் குழம்பு வைத்தாள். அவள் கணவர் லட்சுமணன் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, இவ்வளவு பச்சையான மீன் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்றார்.

எழும்பூரில் ஓர் ஓட்டல் ஹாலில் பயிற்சி நடந்தது. ஏசி குளிர் தாங்காமல் பெண்கள் எல்லாரும் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் வெற்றிக்கதை ஒன்றைச் சொல்லுங்கள் என்று பயிற்சியாளர் கேட்க, யசோதரா எழுந்து ரவிக்குமாரைப் பற்றிச் சொன்னாள். திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்த மீனில் முடித்தாள். ஹாலே கைதட்டியது. ஆன்சி என்று காசிமேட்டு மையத்துப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை குணமடைந்த குடும்பங்களின் ஆண்டுக்கூட்டம் இருந்தது. மேடையில் ரவிக்குமாரையே பேச வைத்துவிடுங்கள் என்று பயிற்சியாளர் சொல்ல, சங்கரநாராயணன் உடனே தலையாட்டினார்.

புதன்கிழமை சாயங்காலம், ஹாலுக்கு வெளியே பேருந்துக்கு நின்றபடியே யசோதரா அவனுக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துல நீதாம்பா பேசற. எப்படிக் குடிய விட்டேன்னு சொல்லு, போதும்."

"நானா? வேணாங்க்கா."

"அட, இன்னா கூச்சம்? உன்னப் பத்தித்தான் ரெண்டு நாளா எல்லாரும் பேசிக்கினு கீறாங்க. என் மானத்தக் காப்பாத்து."

"இன்னும் நாலு நாள் கீது இல்ல?" என்றான்.

"கீது, கீது. நாலு நாள் தாராளம்."

"அப்ப சரிக்கா. வந்துடறேன்."

எதற்கு நாள் எண்ணுகிறான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பேச்சைத் தயார் செய்யத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் படகுக் கூட்டாளி பிரகாஷ் போன் செய்தான். முகத்துவாரத்தில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ரவிக்குமாருக்கு வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்துவிட்டான், முழங்கால் அளவுத் தண்ணீர்தான், தூக்கிவிட்டோம், மறுபடி வலிப்பு, மறுபடி வலிப்பு, நிற்கவே இல்லை என்று மூச்சிரைக்கச் சொன்னான். ஷேர் ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் அடைத்துக்கொண்டு நின்றன. யசோதரா பாதி வழி பஸ்ஸிலும் மீதி வழி ஓடியும் போய்ச் சேர்ந்தாள்.

வராந்தாவில் ஓர் இளம் டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "குடிப்பாரா?" என்று கேட்டார்.

"விட்டுப் பதினோரு மாசம் ஆச்சு டாக்டர்" என்றாள் யசோதரா. எங்களிடம் சிகிச்சை எடுத்தவர் என்று சேர்த்தும் சொன்னாள். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை இருந்தது. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு.

பிரகாஷ் அவள் பின்னால் நின்றிருந்தான். சட்டையெல்லாம் ஈரம்.

"இல்லக்கா" என்றான்.

"இன்னா இல்ல?"

"போன வாரம் செவ்வாக்கெழம ராவுலேந்து மறுபடி குடிச்சுக்கினுதான் இருந்தான். எட்டு நாளு, பகலும் ராவும். நீ போன் பண்ண இல்ல, புதங்கெழம, அதோட நிறுத்திட்டான். அக்காவ மேடையில அசிங்கப்படுத்தக் கூடாது, ஞாயித்துக்கெழமைக்குள்ள தெளிஞ்சுடுவேன்னான். நேத்தெல்லாம் ஒடம்பு கிடுகிடுன்னு ஆடிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்டான்னேன். வார்டுல சேத்தா அக்காவுக்குத் தெரிஞ்சுடும்னு வரமாட்டேன்ட்டான்."

வெகுநாள் மூச்சுமுட்டக் குடித்தவன் திடீரென்று, தானாக, மருந்தில்லாமல் நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். யசோதராவின் முதல் பாடமே இதுதான். எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ரவிக்குமாருக்கே சொல்லியிருக்கிறாள். அவனுக்குத் தெரியும். தெரிந்தே நிறுத்தினான், அவள் மானத்தைக் காப்பாற்ற.

டாக்டர் சீட்டில் ஏதோ அடித்து எழுதினார். பதினொரு மணிக்கு ஆள் போய்விட்டான் என்று வெளியே வந்து சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. முதலில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி, பிறகு மேடையில் வேறு ஒருவர் பேசினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு யசோதரா போனாள். போகாமல் இருந்துவிடலாமா என்று குப்பத்து வளைவுவரை யோசித்தபடிதான் நடந்தாள். சாமியானாவுக்குக் கீழே அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கம்மா நகர்ந்து பாயில் இடம் கொடுத்தாள்.

"அதுக்கு மொத வாரம் வெள்ளிக்கெழமையே வெளிய போடான்னு தொரத்திட்டேன் அவன" என்று தானாகவே பேச ஆரம்பித்தாள். "குடிச்சுட்டு வந்தா வேற இன்னா பண்றது? தொரத்துனா புத்தி வரும்னு பாத்தேன். படகுலயே படுத்துக்கினான். செவ்வாக்கெழம நீ வருவ, கறிமீனு வந்துச்சான்னு கேப்ப, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். காலையிலேந்து வாசல்லயே குந்திக்கினு இருந்தேன். நீ வரல."

"டிரெய்னிங்கு போயிட்டேன் அங்கம்மா. ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"போன்ல எப்படிச் சொல்றது? நீ கேட்டா சொல்லுவேன். நானா எப்படி என் புருசனப் பத்தி…" பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "திங்கக்கெழம உன்னாண்ட மீனு குடுத்தானாமே, பிரகாஷ் சொன்னான்" என்றாள்.

"ஆமா."

"இன்னா மீனு?"

"சங்கரா."

"எத்தினி?"

"ஆறு."

அங்கம்மா தலையாட்டினாள். "எங்க வூட்டுக் கறிமீனு. நான்தான் உள்ள சேக்கலியே, எங்க கொண்டுபோவான்? விக்க மனசு வரல போல. உன்னாண்ட எடுத்துக்கினு வந்துகிறான்." அவள் யசோதராவை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளக் கேட்கிறவளின் முகம்தான் அது. "வூட்டுக்கு வர வேண்டிய மீனு உன் டேபிளு மேல வந்து குந்திக்கினு கீது. நீ ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

மற்ற எல்லாரும் கேட்கத் தவறலாம். அந்த ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

"அந்த மீன இன்னா பண்ண?"

"கொழம்பு வெச்சேன்."

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் அங்கம்மா.

அடுத்த வாரம் இரண்டாவது படிவம் வந்தது. அதே முப்பது வாக்கியம், அதே கட்டங்கள். யசோதரா முதல் பதின்மூன்றை என்ன எழுதினோம் என்றே தெரியாமல் எழுதினாள். பதினான்காவதில் பூஜ்யம் போட்டாள். பதினேழு வருடத்தில் எந்தக் காகிதத்திலும் இவ்வளவு உண்மையாக அவள் எதையும் எழுதியதில்லை. மீதியையும் முடித்துக் கையெழுத்துப் போட்டு, உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அரை மணி நேரத்தில் சங்கரநாராயணன் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எந்தக் குடும்பம் போன் செய்தாலும் எடுப்பார். படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உட்காரும்மா. எனக்குப் புரியுது. ஆனா ஒன்பதுலேந்து பூஜ்யத்துக்கு இறங்கினா ஏன்னு தனியா விளக்கம் எழுதி அனுப்பணும். எழுதினா ரவிக்குமார் விஷயம் முழுசும் வரும். குடிக்கிறவன மேடைக்குக் கூப்பிட்டோம், அவன் தானா நிறுத்திச் செத்தான்னு வரும். பயிற்சியால பிரயோஜனம் இல்லேன்னுதான் அவங்க எடுத்துப்பாங்க. அடுத்த மாசம் நிதி முடியுது, நீட்டிக்காம மையத்த மூடுவாங்க."

"உண்மைய எழுதச் சொல்லித்தான சார் குடுத்தாங்க?"

"எழுது. நான் தடுக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப நம்ம ரிஜிஸ்டர்ல நாப்பத்தாறு பேர் இருக்காங்க. அதுல ஒன்பது பேரு போன வாரம்தான் வார்டுலேந்து வந்தவங்க. மூடினா அவங்கள யார் பாத்துப்பா, அத மட்டும் சொல்லு."

"நான் பாத்துக்கிட்டதோட லட்சணந்தான் தெரிஞ்சுடுச்சே சார்."

கீழே பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "புதுசா நிரப்பக்கூட வேணாம்மா. இருக்கறதுலயே சரி பண்ணிடலாம்."

அவர் சொல்ல வந்தது அவளுக்கு உடனே விளங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வால் இழுத்தால் ஒன்பது. அடித்தல் திருத்தல் எதுவும் தெரியாது. நாற்பத்தாறு பேர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பேனாவை எடுத்து வாலை இழுத்தாள்.

பயிற்சி பலனளித்திருப்பதாகவும், திருவொற்றியூர் மையத்து ஊழியர்களின் நம்பிக்கை உறுதியாக இருப்பதாகவும் அறிக்கை வந்தது. மையத்துக்கு இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பு. பெனிஷா எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை யசோதரா குப்பத்துக்குப் போனாள். அங்கம்மா வீட்டு வாசல் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டாள். அந்த வீட்டில் கேட்க ஒன்றும் இல்லை. நாலு வீடு தள்ளி மோகனப்ரியா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் அந்த ஒன்பது பேரில் ஒருவன், வார்டிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இன்னாம்மா, கறிமீனு வூட்டுக்கு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா" என்றாள் மோகனப்ரியா. "கானாங்கெளுத்தி. எட்டு."

தயங்கினாளா, இல்லையா? யசோதரா அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். முன்பெல்லாம் அந்த ஒரு நொடி அவளுக்குத் தானாகப் பிடிபடும். இப்போது எந்த முகத்தைப் பார்த்தாலும் ஒன்றுமே தெரியவில்லை.

"இன்னாக்கா அப்படிப் பாக்கற? மெய்யாலுமே வந்துச்சுக்கா."

"சரிம்மா" என்று சொல்லி, நோட்டில் 'வந்தது' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.